இருபத்தொரு கெம்புக் கல்

கெலமங்கலத்தில் சென்னம்மாள் வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆன பிறகும் லாவண்யாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுடைய மாமியார் அவளை ஒரு நாள்கூடத் திட்டியதில்லை என்பதுதான் அந்தக் குறை.

"நீ உக்காரும்மா, கம்பெனிக்குப் போயிட்டு வந்திருக்கிற" என்பாள் சென்னம்மாள். தட்டில் சோறு வந்துவிடும். குழம்பு வந்துவிடும். எழுந்து பாத்திரத்தில் கை வைத்தால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பிடுங்கிக்கொள்வாள். அதே வாய் தன் மகள் பிரவீனாவைப் பார்த்து, "ஏ எருமை, தட்ட எடுத்து வெக்க மாட்டியா" என்று கத்தும். லாவண்யா அந்த எருமை மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து, கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த சிவராஜைக் கட்டிக்கொண்ட பெண் அவள். கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. ஆனாலும் வந்தவளை விருந்தாளியாகவே வைத்துவிட்டார்கள். பீரோவுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், காலை ஷிப்ட் முடிந்து வந்தவள் கையில் சென்னம்மாள் ஒரு சிவப்பு வெல்வெட் டப்பாவைக் கொடுத்தபோது லாவண்யா அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

உள்ளே கெம்பு அட்டிகை இருந்தது. இருபத்தொரு சிவப்புக் கல். நடுவில் ஒரு பதக்கம்.

"ஞாயித்துக்கெழம பிரவீனாவுக்கு நிச்சயதார்த்தம். எங்க வூட்டுல பொண்ணுக்கு நிச்சயம்னா இத மூத்த மருமகதான் கழுவி எடுத்து, அவ கையாலதான் கழுத்துல மாட்டணும். எனக்கு முன்னாடியும் அப்புடித்தான், நானும் அப்புடித்தான் என் நாத்தனாருக்கு மாட்டினேன். இந்தா. நல்லா கழுவி வெச்சிடு."

"சரிங்க அத்தை."

"பூந்திக்கொட்ட அந்த டப்பாவுல இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சென்னம்மாள் தக்காளி தரம் பிரிக்கப் போய்விட்டாள்.

லாவண்யாவுக்குக் கழுவுவது புது வேலை இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு சர்க்யூட் போர்டு கழுவும் செக்ஷன். சாலிடர் செய்த போர்டுகளைத் தொட்டியில் இறக்கி, கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் அழுக்கை உதிர வைத்து எடுப்பார்கள். ஒரு நாளைக்கு நானூறு போர்டு. துணியால் துடைத்தால் மேல் அழுக்குதான் போகும், இண்டு இடுக்கில் இருப்பது போகாது என்று புதிதாக வருபவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அதிர்வில் கழுவும் சின்ன மெஷின் ஒன்றை, கண்ணாடிக் கடைகளில் வைத்திருப்பார்களே, அதைத் தன் மூக்குக்கண்ணாடிக்கென்று வாங்கியும் வைத்திருந்தாள்.

பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரை அதில் ஊற்றினாள். வெதுவெதுப்பாகத்தான். ஒரு சொட்டு ஷாம்பூ விட்டாள். அட்டிகையை மெதுவாக இறக்கிப் பொத்தானை அமுக்கினாள். மெஷின் வண்டு மாதிரி ரீங்கரித்தது. கல் கட்டிய விளிம்புகளிலிருந்து பல வருஷத்துச் சந்தனமும் வியர்வையும் பவுடரும் புகைபோல் கிளம்பிக் கிளம்பி வந்தன. தண்ணீர் கலங்கியது. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று நிமிஷம் போதாது என்று இன்னும் ஒரு தரம் விட்டாள். நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, ஃபேன் அடியில் பரப்பினாள்.

தங்கம் அன்றுதான் செய்த மாதிரி மின்னியது. கற்களைத்தான் என்னவோ செய்துவிட்டது. முதலில் ஈரம் காயவில்லை என்று நினைத்தாள். அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது. மாதுளை முத்துபோல் இருந்த கற்களில் பாதிக்கு மேல் வெந்த பீட்ரூட் மாதிரி கறுத்துப்போயிருந்தன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்து வரும் ஒளி இல்லை. எண்ணினாள். பதினான்கு. அதில் பதக்கத்தின் நடுக்கல்லும் ஒன்று.

அட்டிகையைத் துணியோடு எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டப்பாவில் வைத்து மூடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை திறக்கும்போது பழைய நகை, கறுத்துவிட்டது என்று போய்விடும். ஆனால் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. கை தவறிப் போர்டு கீழே விழுந்தால், விழவிட்டவள்தான் தன் கையால் பழுது என்று சொல்லும் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். கட்டாமல் உள்ளே தள்ளிவிட்டால் அன்று கழுவிய போர்டு முழுவதும் சந்தேகத்துக்கு வந்துவிடும். நாலு வருஷமாக அந்த அட்டையைக் கட்டிப் பழகிய கை, டப்பாவை மூடிவைக்க ஒப்பவில்லை.

தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம் போய் நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கெடுத்துட்டேன்."

சென்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டிகையை வாங்கினாள். முந்தானையால் ஒரு கல்லைத் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள்.

"என்னாத்துல போட்ட?"

"கண்ணாடி கழுவுத மெஷின்ல."

"கெம்ப தண்ணியில போடுவாங்களாம்மா? துணிய நனச்சுப் புழிஞ்சு, மேலால தொடைக்கிறது அது. இது தெரியாதா?"

"தெரியாது அத்தை. எங்க வீட்டுல கல்லு வெச்ச நகை கிடையாது. அம்மா தாலிச்சங்கிலி மட்டுந்தான். அதக் கொதிக்கிற தண்ணியிலகூடப் போடுவாங்க."

சென்னம்மாளின் முகம் சிவந்து, உதடு ஏதோ சொல்லத் திறந்தது. லாவண்யா காத்திருந்தாள். எருமை என்றாலும் சரி, அதற்கு மேலே என்றாலும் சரி என்று காத்திருந்தாள். சென்னம்மாள் வாயை மூடிக்கொண்டு அட்டிகையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. அங்க வெச்சிட்டுப் போயி சாப்புடும்மா. பசியோட இருப்ப."

அது லாவண்யாவை அடித்ததுபோல் இருந்தது. இனி இந்த வீட்டில் ஒரு பொருளும் தன் கைக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிரவீனாதான் வாயை அடக்கவில்லை. "போச்சு போ! அண்ணி, மாப்ள வூட்டுக்காரங்க நான் களாக்காய் கோத்து மாட்டிக்கினு வந்திருக்கேன்னு நெனைக்கப் போறாங்க" என்றாள். பிறகு லாவண்யாவின் முகத்தைப் பார்த்து, "அழாதீங்க அண்ணி, களாக்காய் எனக்குப் புடிக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சாயங்காலம், இப்போது வேன் வேலையை விட்டுத் தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிவராஜ் வீட்டுக்கு வந்ததும் நகை செய்கிற ஆஞ்சப்பனுக்கு வீடியோ கால் போட்டார்கள். அவர் அட்டிகையைப் பின்பக்கம் திருப்பச் சொன்னார்.

"பின்னாடி மூடுன கட்டும்மா இது. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில பளபளன்னு ஒரு தகடு இருக்குது. கல்லுக்கு வெளிச்சம் குடுக்கிறது அதுதான். உள்ள தண்ணி பூந்துக்கிச்சு, தகடு மங்கிப்போச்சு. பிரிச்சுப் புதுத் தகடு வெச்சுக் கட்டணும்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியுமாண்ணே?" என்றான் சிவராஜ்.

"ஞாயித்துக்கெழமையா? பதினஞ்சு நாளு ஆகும்பா. தகடு துருவேறாம இருந்தா தண்ணி தானா வத்தி கொஞ்சம் தெளியும், அதுக்கு மாசக்கணக்காகும். அவசரப்பட்டு வெய்யில்ல வெக்காதீங்க, அடுப்பு சூட்டுல காட்டாதீங்க. உள்ள அரக்கு இருக்குது, எளகிட்டா கல்லு கையில வந்துடும்."

தண்ணீர் தானாக வற்ற வேண்டும், சூடு படக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அன்று இரவு முழுவதும் லாவண்யாவின் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தன. எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. மறுநாள் காலை கம்பெனியில் ஸ்டோர் பக்கம் போனபோதுதான் பிடிபட்டது. ஈரம் பட்டால் கெட்டுப்போகிற சின்னச் சின்னப் பாகங்களைக் காற்றுப் புகாத பைகளில் போட்டு, கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும், ஈரம் எவ்வளவு என்று காட்டும் ஓர் அட்டையும் வைத்து அனுப்புவார்கள். அந்த அட்டையில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் இருக்கும். ஈரம் இருந்தால் ரோஸ் நிறம், காய்ந்தால் நீலம். பையைத் திறந்ததும் பாகத்தை எடுத்துக்கொண்டு பொட்டலத்தையும் அட்டையையும் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

சூப்பர்வைசர் முனிலட்சுமியிடம் போய் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, குப்பைக்குப் போகிறதைத் தர முடியுமா என்று கேட்டாள்.

"அடிப்பாவி, மாமியா நகைய போர்டுன்னு நெனச்சிட்டியா?" முனிலட்சுமி சிரித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். "தூக்கிப் போடறதுதானே. கேட் பாஸ் எழுதித் தர்றேன். ஆனா பிரிச்ச உடனே எடுத்துக்கோ. அரை நாள் வெளிய கெடந்தா அதுவே ஈரம் குடிச்சு ஒக்காந்துக்கும். தெனமும் புதுசு மாத்து."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாவண்யா இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பா. அடியில் பொட்டலங்களைப் பரப்பி, மேலே மெல்லிய துணி விரித்து, கட்டின் பின்பக்க இடுக்குகள் அடைபடாமல் அட்டிகையைப் படுக்க வைத்தாள். ஓரத்தில் அட்டையைச் செருகினாள். மூடி இடுக்கில் டேப் ஒட்டினாள். பிறகு ஒரு தாளில் அட்டிகையை வரைந்து, கொக்கியிலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு என்று இருபத்தொரு கல்லுக்கும் நம்பர் போட்டு, கறுத்த பதினாலையும் பென்சிலால் நிழலடித்தாள்.

சென்னம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்னாது, புது செருப்பு டப்பாவுல வருமே, அதுதானே?"

"ஆமா அத்தை."

"செருப்புக்கு வெக்கிறத கெம்புக்கு வெக்கிறியா?"

"தண்ணிய உறிஞ்சும் அத்தை. சூடு கிடையாது. கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் புள்ளி நீலமாச்சுன்னா உள்ள காஞ்சிட்டு வருதுன்னு அர்த்தம்."

"என்னமோ பண்ணும்மா" என்று சென்னம்மாள் உள்ளே போய்விட்டாள். அதில் நம்பிக்கையும் இல்லை, தடுப்பும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தபோது புள்ளிகளில் ஒன்று நீலத்துக்கு வந்திருந்தது. கல் ஒன்றும் மாறவில்லை. பொட்டலங்களை மாற்றி மூடினாள். வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை வரும்போதே வீட்டுக்குள் சத்தம் கேட்டது.

"தொறக்காதடா! கைய எடுடா!"

"ஒரு தடவ பாத்துட்டு மூடிர்றேம்மா" என்று சிவராஜ் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்னாத்தப் பாப்ப? கண்ணாடி மாதிரிதானே இருக்குது டப்பா, மேலால பாரு! நீ தொறந்தா வெளிய இருக்கிற ஈரமெல்லாம் உள்ள பூந்துக்கும். காலையிலயிருந்து ரோஸா இருந்து இப்பத்தான் மூணாவது புள்ளி நீலத்துக்கு வந்துக்கினு இருக்குது. மழை வேற தூறுது. அவ வந்துதான் தொறப்பா. போடா தோட்டத்துக்கு!"

லாவண்யா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். உள்ளே போனபோது டப்பா அவள் வைத்திருந்த சமையலறை மேடையில் இல்லை. சாமி அலமாரியில், படங்களுக்கு முன்னால் இருந்தது. மூடியில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள் சென்னம்மாள்.

"அங்க வெச்சா எவனாவது தொட்டுக்கினே இருக்கிறான்" என்றாள் மருமகள் முகத்தைப் பார்க்காமல். "ஏழாவது கல்லப் பாரு. எனக்குத் தெளிஞ்ச மாதிரி இருக்குது. கண்ணு மங்கலோ என்னமோ."

கண் மங்கல் இல்லை. ஏழு தெளிந்திருந்தது. எட்டு, பதிமூன்று, பதினாறும்கூட. முழுதாக இல்லை, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிவப்பு ஊறிக்கொண்டு வந்தது. தாளை எடுத்து நான்கு நிழலை அழிப்பானால் அழித்தாள் லாவண்யா. சென்னம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எட்டுல இன்னும் ஒரு மூலை இருக்குது, முழுசா அழிக்காத" என்றாள்.

வெள்ளிக்கிழமை எட்டுக் கல். சனிக்கிழமை பன்னிரண்டு. அதற்கு மேல் நகரவில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டாவது கல்லும், பதக்கத்தின் நடுக்கல்லும் கறுத்தபடியே நின்றன. கொக்கிப் பக்கத்தது பின்கழுத்தில் மறைந்துவிடும். நடுக்கல் மறையாது. அது நெஞ்சு மேல்தான் உட்காரும்.

"தகடே போயிருக்கும் அத்தை. இது காயிறதுனால சரியாகாது" என்றாள் லாவண்யா. "நாளைக்கு வேற ஏதாவது போட்டுக்கிடலாம். எங்க கல்யாணத்துல நீங்க போட்டிருந்த காசு மாலை இருக்குல்லா?"

சென்னம்மாள் பிரவீனாவைக் கூப்பிட்டாள். "நீ என்னடி சொல்ற?"

"எனக்கு இதுதாம்மா வேணும். அஞ்சு நாளா வூட்டுல எல்லாரும் இதுக்குத்தானே காவல் இருந்தோம்."

"அப்ப இதுதான்" என்றாள் சென்னம்மாள். "நாளைக்கு லாவண்யாதான் மாட்டுவா."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டிருந்தது. தளியிலிருந்து இரண்டு வேனில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகப் பந்தல் இரைந்தது. தாம்பூலத் தட்டு மாற்றியதும் சென்னம்மாள் டப்பாவைத் திறந்து மருமகளிடம் நீட்டினாள். லாவண்யா மாட்டும்போது கொக்கி இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா நஞ்சம்மா எழுந்து வந்து பெண்ணின் முகவாயைப் பிடித்தாள். "தும்ப சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சிவிட்டு அட்டிகையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்வை நடுவில் நின்றது.

"இந்தக் கல்லு மட்டும் ஏன் கறுப்பா இருக்குது?"

பக்கத்திலிருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். லாவண்யா வாயைத் திறப்பதற்குள் சென்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்க மருமக கழுவுனா. தண்ணி பூந்துக்கிச்சு."

லாவண்யாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. இத்தனை பேர் முன்னால் இப்படி உடைத்துச் சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சென்னம்மாள் நிறுத்தவில்லை.

"தப்பு என்னுதுங்க. கெம்புக்குத் தண்ணி ஆகாதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்துட்டேன். பதினாலு கல்லு கறுத்துப்போச்சு. இந்தப் பொண்ணு மறைக்காம வந்து சொன்னா. அப்பறம் அவளே கம்பெனி வித்தைய வெச்சுப் பன்னெண்ட திரும்பக் கொண்டாந்துட்டா. ஆஞ்சப்பனே மாசக்கணக்காகும்னு சொன்னதுங்க! மீதி ரெண்டுக்குத் தகடு மாத்தணும். கல்யாணத்துக்குள்ள ஆயிடும்."

நஞ்சம்மா பெரிதாகச் சிரித்தாள். "நான் என் முத்து மாலைய ஷாம்பூவுல ஊறப் போட்டேனுங்க! பாலிஷ் போயி பல்லு மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் என் மாமியாருக்குத் தெரியாது. அதோ ஒக்காந்துக்கினு இருக்காங்க, மெதுவா பேசுங்க." பிறகு லாவண்யா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, என் கெம்புத் தோடும் ஒண்ணு மங்கிப்போயிருக்குது. அந்த டப்பா எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பியா?"

"தர்றேங்க" என்றாள் லாவண்யா. "முதல்ல பின்னாடி கட்டு எப்படின்னு பாக்கணும்."

"பாத்தீங்களா" என்றாள் சென்னம்மாள். "இப்ப பாக்காம தொட மாட்டா."

மறுநாள் மத்தியானம் லாவண்யா வேலையிலிருந்து வந்தபோது கட்டில் மேல் பழைய புடவை விரித்து, பீரோவிலிருந்த நகைகளையெல்லாம் சென்னம்மாள் பரப்பி வைத்திருந்தாள். முத்துச் சரம், காசு மாலை, வைரத் தோடு, அரக்கு அடைத்த வளையல், வெள்ளிக் கொலுசு, ஒற்றை மூக்குத்தி எல்லாம் கிடந்தன.

"அந்தத் தாளும் பேனாவும் எடுத்துக்கினு வந்து ஒக்காரு. ஒவ்வொண்ணையும் எப்புடி கழுவணும், எப்புடி வெக்கணும்னு எழுதி அதது டப்பாவுல போட்டுடணும். நாளைக்குப் பிரவீனா போற வூட்டுல இதே மாதிரி ஆவக்கூடாது பாரு. எனக்குத் தெலுங்குதான் படிக்க வரும், அதனால பக்கத்துல படமும் போடு."

லாவண்யா எழுதினாள். காசு மாலை: பூந்திக்கொட்டைத் தண்ணீர், மெல்லிய பிரஷ், அலசும்போது அடியில் கிண்ணம். முத்து: தண்ணீர் வேண்டாம், சென்ட் அடித்த பிறகு போடக் கூடாது, கழற்றியதும் துணியால் துடைத்துத் தொங்கவிடாமல் படுக்க வைக்கவும். குழாய் படம் போட்டு அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டாள். அரக்கு வளையல்: சூடு கூடாது. கெம்பு: பிழிந்த துணி மட்டும். வைரத் தோட்டைத் திருப்பிப் பார்த்து, கட்டு பின்னால் திறந்திருக்கிறது, கழுவலாம் என்று எழுதினாள்.

"கொலுசுக்கு எழுது. விபூதி போட்டு நல்லா அழுத்தித் தேய்க்கணும்."

"அழுத்தித் தேச்சா கீறல் விழும் அத்தை. விபூதியில நொய் இருந்தா இன்னும் மோசம். சோப்புத் தண்ணி போதும்."

"நாப்பது வருஷமா நான் விபூதியிலதான் தேய்க்கிறேன். எழுதுன்னா எழுது!"

"எழுத மாட்டேன் அத்தை. இங்க பாருங்க, எம்புட்டுக் கீறல் கிடக்குன்னு."

"எங்கடி கீறலு? வந்து ரெண்டு வருஷந்தான் ஆவுது, வாயப் பாரு இவளுக்கு! ஏ பிரவீனா, என் கண்ணாடிய எடுத்துக்கினு வாடி, இவ என்னமோ கீறல்ன்றா!"

கண்ணாடி வந்தது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கொலுசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலையோடு தலை முட்ட, கீறல் தேடத் தொடங்கினார்கள்.